ஃபெராரியும் அப்பாவோட எச்.எம்.டி. வாட்ச்சும்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கமே வரல. (யாரும் தேடலைன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிக்கணும்ல!)

போன ஞாயித்துக்கிழமை காலைல அப்பாவும் நானும் பாரிவாக்கத்துல டீ குடிச்சுட்டு நின்னோம். 400 அடி ரோட்டுக்குப் போற வழியில ஒரு மஞ்சள் கலர் ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கிட்டே போச்சு. டீ மாஸ்டர் ஆத்தறதை நிறுத்திட்டுப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ன பாட்டி வரைக்கும் திரும்பிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு எலக்ட்ரிக் கார் சர்ருன்னு போச்சு. அதுவும் சாதாரண வண்டி இல்ல, நல்ல விலைதான். கடை வாசல்ல படுத்திருந்த நாய் கூடத் தலையைத் தூக்கல.

"நம்ம வீட்டு கிரைண்டரே இதைவிட சத்தம் போடும்டா"ன்னார் அப்பா.

சிரிச்சுட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, இத்தாலியிலயும் ஜெர்மனியிலயும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யறவங்களோட மொத்தத் தலைவலியும் இந்த ஒரு வரிக்குள்ள இருக்கு.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். 1987-ல வந்த ஃபெராரி எஃப்40 பூஜ்யத்துல இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.1 செகண்ட் எடுத்துக்குச்சு. அன்னிக்கு அது உலக அதிசயம். 2024-ல இந்தியாவுக்கு வந்த பிஒய்டி சீல் காரோட டாப் மாடல் அதே வேலையை 3.8 செகண்ட்ல முடிக்குது. அறிமுக விலை 53 லட்சம். நமக்கு அது பெரிய காசுதான், ஆனா ஃபெராரி விலைக்கு முன்னாடி சில்லறை. அடுத்த வருஷம் ஷாவ்மி, ஆமாங்க, நம்ம பாக்கெட்ல இருக்கற அதே போன் கம்பெனி, 1,548 குதிரை சக்தியில எஸ்யூ7 அல்ட்ரான்னு ஒரு கார் கொண்டு வந்தான். ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் டிராக்ல போர்ஷே டைக்கான் டர்போ ஜிடியோட நேரத்தையே முந்திட்டான்.

எப்படி முடிஞ்சுது? பெட்ரோல் இன்ஜின் முழு இழுவையைக் காட்டணும்னா முதல்ல அதை முறுக்கணும், கியர் மாத்தணும். மோட்டாருக்கு அந்தப் பஞ்சாயத்தே இல்ல. நின்ன இடத்துலயே முழு இழுவை. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை ஒழுங்கா ஓட வைக்கத் தலைமுறை தலைமுறையா சேர்த்த கை அனுபவம் வேணும். நல்ல மோட்டாரும் பேட்டரியும் காசு கொடுத்தா கிடைக்கும். ஆக, வேகம்ங்கறது மளிகைச் சாமானாயிடுச்சு.

போர்ஷே கதையைப் பாருங்க. 2024-ல எலக்ட்ரிக் டைக்கான் விற்பனை 49 சதவீதம் விழுந்து 20,836-க்கு வந்துச்சு. அதே வருஷம் பழைய பெட்ரோல் 911 ஐம்பதாயிரத்தைத் தாண்டி வித்துச்சு. மாடல் மாத்தின நேரம், சீனாவுல மந்தம்னு வேற காரணங்களும் உண்டு, இல்லேங்கல. ஆனா 2025 செப்டம்பர்ல, எலக்ட்ரிக்கா மட்டும் வரப்போகுதுன்னு சொல்லி வெச்சிருந்த ஒரு பெரிய எஸ்யூவியை, முதல்ல பெட்ரோல்லயும் ஹைபிரிட்லயும்தான் விடுவோம்னு அவங்களே அறிவிச்சாங்க.

சரி, வித்தியாசம் காட்ட என்ன பண்றாங்க? சத்தத்தைத் திரும்பக் கொண்டு வராங்க! டாட்ஜ் கம்பெனி எலக்ட்ரிக் சார்ஜர்ல ஸ்பீக்கர் வெச்சு சைலன்சர் சத்தம் போட வெச்சான். சைலன்சரே இல்லாத வண்டிக்கு சைலன்சர் சத்தம்! ஃபெராரி கொஞ்சம் நேர்மை. 2025 அக்டோபர்ல எலக்ட்ரிக் காரோட டெக்னாலஜியைக் காட்டினப்போ, மோட்டாரோட நிஜ அதிர்வை சென்சார்ல பிடிச்சு எலக்ட்ரிக் கிடார் மாதிரி பெருக்கிக் கொடுப்போம்னாங்க. நம்ம மஹிந்திரா பிஇ 6-க்கு ஏ.ஆர்.ரஹ்மான் சத்தம் அமைச்சார். அதுல எனக்கு ஒரு உறுத்தலும் இல்ல. மஹிந்திராவுக்குக் காப்பாத்த வேண்டிய பழைய உறுமல் எதுவும் கிடையாது, புதுசா ஒண்ணு போடறாங்க. ஃபெராரிக்கு அப்படி இல்லையே. நாளைக்கு சாஃப்ட்வேர் அப்டேட்ல எந்த சத்தத்தையும் எவனும் போட்டுக்கலாம்ங்கறப்போ, சத்தத்தை வெச்சு எத்தனை நாள் தனியா தெரிய முடியும்?

இந்த இடத்துல அப்பாவோட வாட்ச் ஞாபகம் வந்துச்சு. ஆவடி டேங்க் ஃபேக்டரில வேலைக்குச் சேர்ந்தப்ப வாங்கின எச்.எம்.டி. ஜனதா. தினம் காலைல பேப்பர் படிச்சுக்கிட்டே சாவி கொடுப்பார். அது ஒரு நாளைக்கு அரை நிமிஷமாவது தப்பும். 1984-ல டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் ஆரம்பிச்சு, ஓசூர்ல குவார்ட்ஸ் வாட்ச் செஞ்சாங்க. அது மாசத்துக்கே சில செகண்ட்தான் தப்பும். துல்லியம் மளிகைச் சாமான் ஆச்சு. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல அரசாங்கமே முடிவெடுத்துச்சு. சுவிட்சர்லாந்துலயும் இதே அடிதான். ஆனா அங்க தப்பிச்சவங்க "எங்க வாட்ச்சும் துல்லியம்தான்"னு மல்லுக்கட்டல. மனுஷன் கை செஞ்ச ஒரு சின்ன மெஷின் உங்க மணிக்கட்டுல துடிக்குதுன்னு வித்தாங்க. எது தன்னோட சரக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

ஸ்போர்ட்ஸ் காரோட சரக்கு என்ன? என்னைக் கேட்டா, வேகமும் இல்ல, சத்தமும் இல்ல. ஓட்டறவனுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற பேச்சுவார்த்தை. இதுக்கு சாட்சி நம்ம ஊர்லயே இருக்கு. 1988-ல கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஒத்தை சீட் ரேஸ் கார் செஞ்சார். அக்கம்பக்கத்து வீட்டு மாருதில இருந்த அதே குட்டி இன்ஜின்! அந்த ஃபார்முலா மாருதிலதான் நரேன் கார்த்திகேயன் ரேஸ் ஆரம்பிச்சார். 2005-ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். வண்டி லேசு, தரையோட ஒட்டி உக்காரணும், தப்பு பண்ணா உடனே சொல்லிக் கொடுக்கும். ஃபெராரியோட எலக்ட்ரிக் கார் சுமார் 2,300 கிலோ. ஆயிரம் குதிரையைக் கட்டினாலும் யானையை மான் ஆக்க முடியுமா? அந்த எடையைக் குறைக்கறவன்தான் அடுத்த ஃபெராரி. அது ஃபெராரியாவே இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

இதெல்லாம் பணக்காரங்க பிரச்சனை, உனக்கென்னடான்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா நானும் வேகத்தை வித்துத்தான் சம்பளம் வாங்கறேன். டீம்லயே வேகமா கோடு அடிக்கறவன்னு பேர் எடுத்தவன் நான். இப்ப ஏஐ கிட்ட ரெண்டு வரி சொன்னா, நேத்து சேர்ந்த பையன் சாயங்காலத்துக்குள்ள அதையே முடிச்சுடறான். எலக்ட்ரிக் கார் மாதிரி, சத்தமே இல்லாம! மீட்டிங்ல ரெண்டு பெரிய வார்த்தையை எடுத்து விட்டு நான் போடறதும் ஒரு வகையில ஸ்பீக்கர் வெச்ச சைலன்சர் சத்தம்தான். வேகத்தைக் கழிச்சா என்கிட்ட மிச்சம் என்ன? ஃபெராரி பதில் கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வரி எழுதிப் போடட்டும்.

நீங்க என்ன நினைக்கறீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: எழுதி முடிச்சுட்டு அப்பாகிட்ட, "டைட்டன் வாங்கித் தரட்டுமா?"ன்னு கேட்டேன். "இது நான் சாவி கொடுத்தாத்தான் ஓடும். அது நான் இல்லாட்டியும் ஓடும். எனக்கு எதுக்கு?"ன்னுட்டார். நான் எட்டு பத்தி எழுதினதை மனுஷர் மூணு வரில முடிச்சுட்டார் :-)