செய்தி சொல்லும் உரிமை யாருக்கு?



கடலுக்குப் போன விசைப்படகு நேரத்துக்குக் கரை திரும்பவில்லை என்றால் தங்கச்சிமடத்தில் முதலில் எழும் கேள்வி, "ஏதாவது சேதி வந்ததா?" என்பதுதான். புயல் வருகிறதா, படகைப் பிடித்தார்களா, விட்டார்களா, நாளை கடை திறக்கலாமா என்பதெல்லாம் இங்கே செய்தியைப் பொறுத்த விஷயங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு அலைக்குள் மறைந்தது. உரிய சேதி உரிய நேரத்தில் காதில் விழுவதன் அருமையை நம் தீவுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அந்தச் செய்தியை வானொலியில் சொல்லும் உரிமை இந்த நாட்டில் யாரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது? அகில இந்திய வானொலியிடம்! தனியார் எஃப்.எம். நிலையங்கள் பாட்டுப் போடலாம், விளம்பரம் செய்யலாம், அரட்டை அடிக்கலாம். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது என்பதே உரிம விதி. வேண்டுமானால் அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பிக்கொள்ளலாம். பத்திரிகையில் செய்தி எழுதத் தடையில்லை. தொலைக்காட்சியில் செய்திச் சேனல் நடத்தத் தடையில்லை. வானொலிக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு?

இந்தப் பூட்டு வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் ஒரு தனியார் கம்பெனிதான் ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்றே ஆண்டில் அது நொடித்துப் போக, 1930இல் வெள்ளையர் அரசு எடுத்துக்கொண்டது. 1936 ஜூன் 8 அன்று 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயர் வந்தது. 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கின. 1940களில் இந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் உருது எழுத்தாளரான அகமது ஷா புகாரி. வானொலியை வளர்த்ததில் நம் சமுதாயத்துக்கும் பங்கு உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பெருந்திரள் மக்களின் நலன், பெருந்திரள் மக்களின் மகிழ்ச்சி. இதுவே வானொலி தனக்கென வைத்துக்கொண்ட இலட்சியம். அந்த இலட்சியத்துக்கு உழைத்தவர்கள் அங்கே உண்டு. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசாமி தமிழில் செய்தி வாசித்தால் அந்தக் கணீர்க் குரலைக் கேட்பதற்காகவே டீக்கடை வாசலில் கூட்டம் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2022இல் அவர் மறைந்தபோது அந்தத் தலைமுறையே வருந்தியது.

ஆனால் வாசிப்பவர் குரல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், என்ன வாசிப்பது என்பதை ஆட்சியாளர் தீர்மானித்தால் என்ன பயன்? 1975இல் நெருக்கடி நிலை வந்தது. வானொலி ஆளுங்கட்சியின் ஊதுகுழல் ஆனது. 1984 அக்டோபர் 31 காலை பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை லண்டன் பி.பி.சி. பகலிலேயே உலகுக்குச் சொல்லிவிட்டது. நம் நாட்டு வானொலியோ மாலையில்தான் வாய் திறந்தது. சொந்த வீட்டில் நடந்ததை அடுத்த ஊர்க்காரன் சொல்லிக் கேட்பதா?

நம் கரையின் அனுபவமும் இதுதான். இலங்கையில் யுத்தம் நடந்த ஆண்டுகளில் அக்கரையில் என்ன நடக்கிறது என்று அறிய மக்கள் பி.பி.சி. தமிழோசையைத் தேடித் திருப்பினார்கள். 1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரல் 30 அன்று நின்றுபோனது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில் வந்த வழக்கு அது. ஒலி, ஒளி அலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனியுடைமை அல்ல என்று நீதிபதிகள் தெளிவாகக் கூறினார்கள். அதற்கு முன்பே, 1990இல், பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியிருந்தது. ஏழு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து 1997இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவை நம் இளைஞர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். பொதுநலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் தடையின்றி, உண்மையாக, நடுநிலையாக அறியும் குடிமகனின் உரிமையைப் பாதுகாப்பது வானொலியின் கடமை என்கிறது அது. மாறுபட்ட கருத்துகளையும் சொல்ல வேண்டும், தன் சொந்தக் கொள்கை எதையும் பரப்பக் கூடாது என்கிறது. எல்லைப் பகுதி மக்களுக்கும் பின்தங்கிய பகுதி மக்களுக்கும் சேவை செய்ய வேண்டும், சிறுபான்மையினரின் தேவைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. நம் தீவு எல்லைப் பகுதி இல்லையா? நாம் சிறுபான்மையினர் இல்லையா?

ஏட்டில் இருப்பது நாட்டில் இருக்கிறதா? பிரசார் பாரதி தன்னாட்சி நிறுவனம் என்கிறார்கள். பணத்துக்கு அரசின் கையை எதிர்பார்த்து நிற்கும் நிறுவனம் எவ்வளவு தூரம் தன்னாட்சியாக இருக்க முடியும்?

ஓர் உதாரணம். 2017 மார்ச் 6 இரவு தங்கச்சிமடத்து மீனவ இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படைதான் சுட்டது என்றனர் உடன் சென்றவர்கள். நாங்கள் சுடவில்லை என்றது கடற்படை. உடலை வாங்க மறுத்து ஊர் திரண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் பொது வானொலியின் கடமை என்ன? படகில் இருந்தவர் சொன்னதையும் சொல்ல வேண்டும், கடற்படை மறுத்ததையும் சொல்ல வேண்டும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் தொடர்ந்து சொல்ல வேண்டும். டெல்லிக்கும் கொழும்புக்கும் சங்கடம் வருமே என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்வது பொதுச்சேவை ஆகாது. கைதாகும் மீனவர்களின் பெயரையும் ஊரையும் அன்றைய மாநிலச் செய்தியிலேயே வாசித்தால் எத்தனை வீடுகளில் பதற்றம் தணியும்!

மீனவர்களுக்கென்றே பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று 'கடல் ஓசை' சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. காற்று, அலை, வானிலை எல்லாம் சொல்லலாம். ஆனால் சொந்தச் செய்தி வாசிக்க சமுதாய வானொலி விதிகள் இடம் தரவில்லை. தெருவில் நடப்பதைத் தெருவில் உள்ள வானொலி சொல்லக் கூடாதாம்! தனியார் எஃப்.எம்.களுக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023இல் பரிந்துரைத்தது. அதே நியாயம் சமுதாய வானொலிக்கும் வேண்டும் என்பது நமது கோரிக்கை.

சகோதரர்களே! வானொலி சரியாகச் சொல்லாத இடத்தை இன்று வதந்தி பிடித்துக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ எழுதியதை நம்பிக் கடையடைத்த வியாபாரிகள் உண்டு, கைகலப்பில் இறங்கிய இளைஞர்கள் உண்டு. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிட்டிருக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். விசாரித்து அறிய நம்பகமான பொதுக் குரல் ஒன்று நாட்டுக்குத் தேவை. எனவே வானொலியை மூடு என்று நாம் சொல்லவில்லை. அதை அதன் சட்டப்படி நடத்து என்கிறோம்.

குறை கூறிவிட்டு உட்கார்ந்தால் எதுவும் நடக்காது. மாநிலச் செய்தியைத் தவறாமல் கேளுங்கள். நம் கரையின் செய்தி விடுபட்டால் தேதி, நேரம் குறித்து, 12ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வியாபாரிகள் சங்கமும் மீனவர் சங்கமும் ஜமாஅத்தும் ஒரே கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டு செல்லட்டும். தமிழ் உச்சரிப்பு சுத்தமாக உள்ள நம் பிள்ளைகள், பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர் தேர்வு அறிவிக்கப்படும்போது விண்ணப்பிக்கட்டும்.

அலைவரிசை நம் அனைவரின் சொத்து. சொத்துக்காரன் வாசலில் நின்று பிச்சை கேட்பதில்லை. உரிமையோடு கணக்குக் கேட்பான். நாமும் கேட்போம்!