நம் கடலுக்கு ஏற்ற திசைகாட்டி

திருக்கோணமலைத் துறைமுகத்திலிருந்து பாய்ப்படகில் புறப்படும் இளைஞர் பலர் கைத்தொலைபேசி இருக்கையில் கைத்திசைகாட்டி எதற்கு என்கின்றனர். வாங்க விரும்பும் சிலரோ, பிறநாட்டுப் பெயர் பொறித்திருந்தால் அதுவே சிறந்தது எனக் கொள்கின்றனர். இரண்டும் பிழை என்பது என் துணிபு.

மின்கலம் ஓய்ந்தபோதும் காந்த முள் ஓயாது. குடாவுக்கு வெளியே நின்று, கோணேசர் ஆலயம் விளங்கும் சுவாமி மலையை ஒருமுறையும், பவுல் முனைக் கலங்கரை விளக்கத்தை ஒருமுறையும் நோக்கி, இரு பாகைகளையும் கடற்படத்தில் கோடாக இழுத்தால், அவை வெட்டுமிடமே நம் இடம். ஆனால் 1 பாகை பிழைத்தால், 6 கடல் மைல் தொலைவில் ஏறத்தாழ 200 மீற்றர் தவறும். ஆகவே, அலையிலும் முள் விரைந்து அடங்கவேண்டும். குறியையும் எண்ணையும் ஒரே பார்வையில் காணவேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. வடக்கே செல்லச் செல்லக் காந்த முள்ளின் வடநுனி கீழ்நோக்கிச் சாயும். இலண்டனில் அச்சாய்வு 65 பாகைக்கு மேல். அதனை ஈடுசெய்யத் தென்பக்கத்தில் எடை கூட்டுவர். காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரிலோ முள் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். அங்கே சமன் செய்த எடை இங்கே சுமையாகித் தட்டைச் சாய்த்துவிடும்.

இதனை நான் பட்டே அறிந்தேன். இலண்டனிலிருந்து மருமகன் அன்போடு கொணர்ந்த கருவியுடன் ஒரு மாலை கடல் சென்றேன். தட்டு அசையாதிருந்ததை உறுதி என்றெண்ணி மகிழ்ந்தேன். உடன்வந்த முதியவர், “தம்பி, மலை இடம் மாறிவிட்டது, உம்முடைய முள் மாறவில்லையே!” என்றார். பாறைக்கு அப்பால் இருப்பதாக நான் கணித்த படகு, பாறையை நோக்கியே சென்றுகொண்டிருந்தது.

ஆதலால், எப்பகுதிக்காகச் சமன் செய்யப்பட்டது என்று கேட்டபின்னரே வாங்குக. உலகெங்கும் பயன்படுமாறு அமைத்தவையும் உண்டு. வாங்கியபின், இரும்புக்கு விலகி இறங்குதுறையில் நின்று, அறிந்த மலையொன்றை நோக்கிக் கடற்படத்தோடு ஒப்பிடுக. ஆசிரியர்கள் தம் மாணவரை ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துச் சென்று இதனைக் காட்டலாகாதா? பிறர் செய்த கருவியைக் கொள்வதில் இழிவில்லை; நம் மண்ணில் சோதியாது நம்புவதே இழிவு.