முள் போனாலும் முனை போகாது!

காலையில் பஞ்சர் ஒட்டிய சைக்கிள், சாயங்காலம் மறுபடியும் காற்று இறங்கி நிற்கிறது. ‘ஒட்டு சரியில்லை’ என்று கடைக்காரர் மீது பழி விழும். பல நேரம் குற்றவாளி அவரில்லை. உடைந்த முள்முனை டயருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, புது ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டிருக்கும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இது பழகிப்போன தொல்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் 1 சேர்ந்ததும் கிடைக்கும் சைக்கிளை நம்பித்தான் பல கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பே ஓடுகிறது. கடை கண்ணி இல்லாத பொட்டல் ரோட்டில் டயர் இறங்கினால், பரீட்சை நாளானாலும் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

எதிரிகள் இரண்டு பேர். சீமைக்கருவேல முள் நீளமானது, காய்ந்துவிட்டால் ஆணிதான். மரத்தில் இருக்கும் முள்ளைவிட, விறகுக்கு வெட்டி இழுத்துப்போன வழியில் சிந்திக் கிடக்கும் சுள்ளிகளே ஆபத்து. வெயிலுக்குப் பயந்து அந்த மரத்து நிழலில் சைக்கிளை நிறுத்தி, முள்ளை இலவசமாக வாங்கி வருகிறவர்களும் உண்டு.

இன்னொன்று நெருஞ்சி. காய்ந்ததும் அதன் காய் ஐந்து துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்த்தே கிடக்கும். மழைக்குப் பின் பாதையோரம் தரையோடு தரையாகச் சின்ன மஞ்சள் பூக்கள் தெரிந்தால், அடுத்து அங்கே வரப்போவது முள். இப்போதே ஒதுங்கி ஓட்டப் பழகுங்கள்.

பஞ்சர் ஒட்டும்போது டியூபை மட்டும் பார்த்தால் போதாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடையுங்கள். முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். குறடால் பிடித்து இழுத்துவிடலாம். வெறும் விரலை ஓட்டினால் விரலில் ஏறிவிடும்!

பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே விரிப்பது காசில்லாத வைத்தியம். நெருஞ்சிக்குக் கேட்கும், நீளமான கருவேல முள்ளிடம் அவ்வளவாகப் பலிக்காது. மடிப்பு விழாமல் விரிப்பது முக்கியம், மடிப்பே டியூபைத் தேய்த்துவிடும். பாரம் அதிகம் விழும் பின்சக்கரத்துக்கு முதலில் செய்யுங்கள். டயர் மொட்டையாகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வால்வு வழியாக டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவமும் கிடைக்கிறது. முள் குத்திய சின்ன ஓட்டையை அது அடைக்கும். கிழிசலை அடைக்காது. திரவம் ஊற்றிய சக்கரத்தில் முள் குத்தினால், பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். திரவம் ஓட்டைக்கு வந்து சேரும்.

திரவம் இல்லாத சைக்கிள் என்றால் நேர்மாறு. காற்று நிற்கும் வரை முள்ளைப் பிடுங்காமல், அப்படியே மெதுவாகக் கடைக்கு வந்துவிடலாம். முள்ளே பாதி அடைப்பானாக இருக்கும். ஓட்டை எங்கே என்று தேடும் வேலையும் மிச்சம். காற்று முழுக்க இறங்கிவிட்டால் மட்டும் ஏறி மிதிக்காதீர்கள். ரிம் நசுக்கி, ஓர் ஒட்டோடு முடிய வேண்டியது புது டியூப் செலவில் போய் நிற்கும்.