பொதுக்கூடமாம்! தமிழுக்கு மட்டும் இடமில்லையாம்!

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு பெண் புவியியல் படிக்கப் போனாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். விடுமுறைக்கு வந்தவளைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டு, “படிப்பெல்லாம் எப்படியம்மா?” என்று வினவினேன். மறுமொழி சொல்லாமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். எம்மூரைச் சுற்றியுள்ள ஏரிகளின் நிலப்படம். அவளே கணிப்பொறியில் வரைந்தது. ஏரிக்கரைகள் வளைவு பிசகாமல் இருந்தன. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் பெருஞ்சாலை இருந்தது. ஆனால் ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 15 வினாக்குறிகள் வரிசையாக நின்றன.

“பெயர் எங்கேயம்மா?” என்றேன்.

“அதுதான் ஐயா பெயர்” என்றாள்.

அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றன் பெயரை எழுதினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். அங்கே புவியியல் துறைக்கெனத் தனிக் கணிப்பொறிக் கூடம் கிடையாது. வணிகவியலார், கணக்கியலார், ஆங்கில இலக்கியத்தார் என எல்லாரும் மாறிமாறிப் புழங்கும் பொதுக்கூடத்தில் கிழமைக்கு இரண்டு மணி ஒதுக்கீடு. அதிலும் முதல் அரைமணி பொறிகள் விழித்தெழுவதற்கே போய்விடுகிறது. செயற்கைக்கோள் படம் ஒன்றைத் திறப்பதற்குள் அடுத்த துறை மாணவர் வாயிலில் வந்து நிற்கிறார்கள். பொறியை அணைத்து எழுப்பினால் அன்று செய்த மாற்றமெல்லாம் அழிந்து பழைய நிலைக்கே திரும்பும்படி பூட்டி வைத்திருக்கிறார்களாம். வேண்டிய மென்பொருளை மாணவர் தாமே ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை; கடவுச்சொல் கூடக் காப்பாளரிடம்.

கூடத்தைப் பகிர்வது இழிவென்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஏரி நீரை மடைவைத்து, முறைவைத்துப் பகிர்ந்துண்ட மக்கள் நாம். ஆயினும் நம் ஏரிகளில் ஒரு முறையுண்டு: கடைமடைக்காரனுக்கும் அவன் நாளில் நீர் போயாக வேண்டும்; அவன் நிலத்தில் என்ன விளைகிறது என்று மடை திறப்பவன் வினவுவதில்லை. இந்தப் பொதுக்கூடத்திலோ, நீர் உண்டு, ஆனால் ஆங்கிலம் விளைவிப்பவனுக்கு மட்டுந்தான் என்கிறார்கள். விசைப்பலகையில் தமிழைத் திறந்துவிடுங்கள் என்று அப்பெண் கேட்டாள். “இது எல்லாத் துறைக்கும் பொதுவான கூடம். ஒருவருக்காக எதையும் மாற்ற முடியாது” என்பது அவளுக்குக் கிடைத்த மறுமொழி.

பொது! என்ன பொருள் பொதிந்த சொல்! தமிழ்நாட்டில், தமிழர் வரிப்பணத்தில், தமிழ் மாணவர்க்கென நிறுவிய ஒரு கூடத்தில், ஆங்கிலம் பொதுவாம். தமிழ் மட்டும் ஒருவருடைய தனி விருப்பமாம்! விண்டோசு இயங்குதளத்தில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு தொட்டே தமிழ் எழுத்து உண்டு. புதிதாக எதையும் ஏற்ற வேண்டுவதில்லை. உள்ளே உறங்குவதைத் தட்டியெழுப்பினால் போதும். தமிழ்99 விசைப்பலகை 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழிவந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் ஒரு பல்கலைக்கழகக் கூடத்தின் கதவை அது தட்டிக்கொண்டே நிற்கிறது.

அந்தப் பெண் சோர்ந்துவிடவில்லை. ஏரிப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் வீட்டில் கைப்பேசியில் அடித்து, விரலியில் கொண்டுபோய், நிலப்படத்தின் அட்டவணையில் ஒட்டினாள். சேமித்தாள். மறுகிழமை திறந்தபோது எல்லாம் வினாக்குறி. ஏன்? தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நிலப்படத் தரவைச் சேமிக்க அவர்கள் இன்னும் கையாள்வது ‘சேப்பு’ கோப்பு. அமெரிக்க எசுரி நிறுவனம் 1990-களில் பரப்பியது. அதனுள் இருக்கும் அட்டவணையோ அதனினும் பழைய ‘டிபேசு’ வடிவம். அவ்வட்டவணை எந்த எழுத்துமுறையில் எழுதப்பட்டது என்பதை உடன்செல்லும் ஒரு சிறு கோப்பு சொல்ல வேண்டும். சேமிக்கும்போது மேலை ஐரோப்பிய எழுத்துமுறையைத் தெரிந்துவிட்டால், தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறிக்கும் பொறி ஒரு வினாக்குறியை இட்டுவிடும். எலவனாசூர்கோட்டை என்பதில் எழுத்துகள் 9. ஆனால் ஒருங்குகுறி நம் உயிர்மெய்யை உடைத்து, ‘னா’ என்பதை னகரமும் துணைக்காலுமாக, ‘ர்’ என்பதை ரகரமும் புள்ளியுமாக எண்ணுகிறது. அவ்வாறு எண்ணினால் 15. அந்தப் 15 வினாக்குறிகளின் கதை இதுதான். (உயிர்மெய்க்குத் தனியிடம் தரும் குறியாக்கத்தையும் தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றது; வெளியுலகப் பொறிகள் அதைப் படிப்பதில்லை. அந்த வழக்கைப் பிறிதொரு முறை பேசுவோம்.)

இன்னும் ஒன்று. அவ்வட்டவணையின் தலைப்புகளுக்குப் 10 எண்ணுண்மிகள் மட்டுமே இடம். ஆங்கிலத்தார் ‘பைட்டு’ என்பதையே எண்ணுண்மி என்கிறோம். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஓர் எண்ணுண்மி போதும். இன்று உலகெங்கும் வழங்கும் யூடிஎப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். ஆகவே மூன்று குறிகளுக்கு மேற்பட்ட தமிழ்ச்சொல் அங்கே தலைப்பாக நிற்க முடியாது. ‘ஊர்’ நிற்கும், ‘ஏரி’ நிற்கும், ‘ஆறு’, ‘மலை’ நிற்கும். ‘குளம்’ வாலறுந்து ‘குள’ என்றாகும். ‘வட்டம்’ ‘வட்’டோடு மாண்டுபோகும். ஆங்கிலேயனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழனுக்கு மாட்டிவிட்டுக் கை நீண்டிருக்கிறதே என்று கையை வெட்டுகிறார்கள்!

மாற்று இல்லையா? உண்டு. உலக நிலத்தரவுக் கூட்டமைப்பு 2014-இல் வகுத்த ‘சியோபேக்கேசு’ வடிவத்தில் இந்தப் பத்தெண்ணுண்மிச் சிறை கிடையாது. தமிழ் தமிழாகவே நிற்கும். 2002-இல் தொடங்கிய கியூசிஐஎசு மென்பொருள் அதை இயல்பாகத் திறக்கும். அம்மென்பொருளுக்கு விலையில்லை, உரிமக் கட்டணம் இல்லை, அதன் திரைச்சொற்களை எம்மொழியிலும் எவரும் மொழிபெயர்க்கலாம். ஆக, பணம் இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது. இல்லாதது எண்ணம்.

“பெயர் எந்த எழுத்தில் இருந்தால் என்ன? இடம் சரியாக இருக்கிறதல்லவா?” என்று கேட்கும் பேராசிரியப் பெருமக்கள் உளர். அவர்களை நான் ஒன்று கேட்கிறேன். கல்வராயன் மலைமேல் கரியாலூர் என்றோர் ஊர் உள்ளது. அதை ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதி, அவ்வூரை அறியாத ஒருவரிடம் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கரியலூர் என்பார், காரியளூர் என்பார், கறியாழூர் என்றாலும் வியப்பில்லை. ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் பிரித்தறிய ஆங்கில எழுத்துக்கு வகையில்லை. குறுக்கையும் நெடுக்கையும் ஒரு பாகை பிசகினால் மதிப்பெண்ணை வெட்டும் நீங்கள், பெயர் பிசகினால் மட்டும் வாளாவிருப்பது ஏன்? நிலநூலில் பெயரும் ஓர் அளவை. அது பிழைத்தால் படம் பிழை.

இப்பிழை நேற்றுப் பிறந்ததன்று. 1802 ஏப்பிரல் 10-இல் பரங்கிமலையருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார் இலாம்டன். அந்த முக்கோண அளவையின் நுட்பத்தை உலகம் இன்றும் போற்றுகிறது, நாமும் போற்றலாம். ஆனால் அங்குலம் பிசகாமல் நிலத்தை அளந்த ஆட்சி, பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது. தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’ ஆயிற்று. உதகமண்டலம் ‘ஊட்டகமண்டு’ ஆயிற்று. நம் கல்வராயன் மலை அவர்தம் ஏடுகளில் ‘கல்ராயன்’ என்று குறுகிற்று. அதற்கு எட்டு, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எம்மூர்க் கோயிற் கல்லில் இறையானரையூர் என்று தமிழில் வெட்டியிருக்கிறார்கள். கல் வினாக்குறி போடவில்லை.

தமிழ்நாட்டரசு 2020 சூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஆணை வெளியிட்டதும், சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். அன்று இருபுறமும் கைகலவாக் குறையாகப் பூசலிட்டார்கள். கோவைக்கு எத்தனை ஆங்கில எழுத்து என்பதே பூசல்! தமிழ்ப்பெயரைத் தமிழெழுத்தில் முதலில் எழுதுவோம், ஆங்கிலம் அதன்கீழ் நிற்கட்டும் என்று சொல்ல அன்று எத்தனை பேர் வாய் திறந்தோம்? நம்மவரையும் சேர்த்தே கேட்கிறேன்.

இதில் ஊர்ப்பெருமையினும் பெரியதொன்று அடங்கியிருக்கிறது. கல்வராயன் மலைமக்கள் 1976 வரை சாகீர்தார்களின் கீழ் இருந்தவர்கள். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோதுதான் மலைக்கெனத் தனி வட்டம் கிடைத்தது. 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டப்படி, தாம் உழுத நிலத்துக்கும் தாம் புழங்கிய காட்டுக்கும் உரிமை கேட்க அவர்களுக்கு வழியுண்டு. நிலப்படமும் செயற்கைக்கோள் படமும் அதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அங்கே ஓர் ஓடைக்கும், ஒரு பாறைக்கும், ஒரு மேய்ச்சற் சரிவுக்கும் உள்ள பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கிழவர்களின் நாவில் இருக்கிறது. அதைக் கேட்டெழுதி, ஊர்மன்றத்தில் அம்மக்களே படித்துப் பார்த்து ‘ஆம், இதுதான் எம் எல்லை’ என்று சொல்லும் வகையில் படம் வரைந்து தர யாரால் முடியும்? இன்னாட்டிலிருந்தும் சேராப்பட்டிலிருந்தும் இறங்கிவந்து புவியியல் படிக்கும் பிள்ளைகளால் முடியும். அவர்களைத்தான் நம் கூடங்கள் கிழமைக்கு இரண்டு மணி ஆங்கிலப் பட்டிகளுக்கு முன் அமர்த்தி, எந்தப் பொத்தானை எத்தனையாவதாக அழுத்துவது என்று உருப்போட வைக்கின்றன. பொத்தான் இடம் மாறினால் அன்றோடு படிப்பும் போயிற்று!

வேலைக்கு ஆங்கிலந்தானே வேண்டும் என்பார்கள். ஆங்கிலத்தைக் கற்கட்டும், யார் தடுத்தது? மென்பொருளின் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச்சொல்லையும் பக்கம்பக்கமாக எழுதி ஒரு தாளைச் சுவரில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு என்று 2010-இல் சட்டம் இயற்றிய நாடு இது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. பொறியியலைத் தமிழில் கற்பிக்கத் துணிந்தவர்களுக்கு, ஒரு நிலப்படத்தில் தமிழ்ப்பெயரைப் பொறிக்க மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

படம் வரைய முன்பு இருந்த தடையும் இன்றில்லை. 2021 பிப்பிரவரியில் நடுவணரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இந்நாட்டார் நிலப்படம் வரைய முன்னிசைவு பெற வேண்டுவதில்லை. 2004-இல் தொடங்கிய திறந்த தெருப்படத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தமிழ்ப்பெயரைப் பதிவதற்குத் தனியிடமே உண்டு, எவரும் பதியலாம்.

எனவே, கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைகள் புவியியல் படிக்கும் பெற்றோர் அனைவரும் பதிவாளருக்கு ஓர் அஞ்சல் எழுதுக. பொதுக்கூடத்துப் பொறி ஒவ்வொன்றிலும் தமிழ்99-ஐத் திறந்துவிடுக என்று கேளுங்கள். நிலத்தரவைச் சியோபேக்கேசு வடிவில், யூடிஎப்-8 எழுத்துமுறையில் சேமிக்கக் கற்பிக்கச் சொல்லுங்கள். மாணவர் ஒப்படைக்கும் படத்தில் ஊர்ப்பெயர் தமிழில் இல்லையேல் மதிப்பெண் குறையும் என்று பாடத்திட்டக் குழு எழுதட்டும். பூட்டிய பொறியில் மாணவர் வேலையைச் சேமிக்க ஒரு தனியறையாவது ஒதுக்கட்டும். இவை எவற்றுக்கும் நிதிக்குழுவின் இசைவு வேண்டா. கூடக் காப்பாளரின் ஒரு முற்பகல் போதும்.

அப்பெண்ணிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பாதி அவளுக்கு முன்னரே தெரிந்திருந்தது. ஏரிகளின் பெயர்ப் பட்டியலைக் காட்டினாள். நான்கு ஏரிகளுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருந்தாள். ஆங்கிலப் படத்தில் உள்ள எழுத்துக்கூட்டலைக் கொண்டு தமிழில் எழுத அவளுக்கு உள்ளம் ஒப்பவில்லையாம். மறுநாட் காலை மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைப் பெரியவர்களிடம் கேட்டுவரப் போனாள்.