வசீகரனுக்கு வயதாகக் கூடாதா?

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டுத்தான் திருவனந்தபுரத்தில் எந்தக் காரியத்தையும் தொடங்குவது வழக்கம். பரீட்சைக்குப் போகிறவர்களும், புது ஸ்கூட்டர் வாங்கியவர்களும், கடை திறப்பவர்களும் வந்து உடைக்கும் அந்த இடத்தில், ரஜினி படம் வெளியாகும் நாளன்று சாலைக் கடைத்தெரு இளைஞர்கள் கூட்டமாக வந்து உடைத்துவிட்டுப் போவதையும் நான் கண்டிருக்கிறேன். ஒன்றைத் தொடங்கி வைப்பதில் நம் ரசிகர்களுக்கு இணை கிடையாது. முடித்து வைப்பதில்தான் சங்கடம். அந்தச் சங்கடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழில் அறிவியல் கற்பனையை நம்பிப் பெரும் பொருட்செலவில் எடுத்து, அதன் தொடர்ச்சியையும் எடுத்தார்கள் என்றால் அது ஷங்கரின் ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) ஆகிய இரண்டும்தான். முதல் படம் வந்தபோது ரஜினிக்கு வயது 59. இரண்டாவது வந்தபோது 67. மூன்றாவது வர வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. வந்தால் அதில் யார் விடைபெற வேண்டும் என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது.

‘எந்திரன்’ படத்தின் கடைசிக் கட்டத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிட்டி செய்த அழிவுக்காக டாக்டர் வசீகரன் மீது வழக்கு நடக்கிறது. தன் நினைவகத்தில் பதிந்திருந்த காட்சிகளைக் காட்டி, தனக்குள் சிவப்புச் சில்லைப் பொருத்தியது போராதான் என்று சிட்டியே நிரூபிக்கிறது. வசீகரன் விடுதலையாகிறார். ஆனால் எந்திரத்தைப் பிரித்துப் போடச் சொல்லித் தீர்ப்பு வருகிறது. படைத்தவருக்கு மனம் இல்லை. படைக்கப்பட்டதே தன் கையால் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறது. கழற்றிக்கொண்டே மன்னிப்புக் கேட்கிறது, நன்றி சொல்கிறது.

நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் உருண்டையாகவும் பாம்பாகவும் உருமாறிய ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு, இந்த அமைதியில் அரங்கம் அடங்கிப் போனது. எனக்கு முன் வரிசையில் விசில் அடித்துக் கொண்டிருந்த ஒருவர் மூக்கைச் சிந்தினார். தலைவர் தோற்பதைப் பார்த்துப் பழகாத ரசிகர், அன்று அதைப் பொறுத்துக் கொண்டார். காரணம் எளியது. போனது எந்திரம். வசீகரன் பக்கத்திலேயே நலமாக நின்று கொண்டிருந்தார். ஒரே முகம், இரண்டு பேர். ஒருவரை வழியனுப்பிவிட்டு மற்றவரை வைத்துக்கொள்ளலாம். நம் ரசிகரின் பலவீனத்துக்குப் பொருத்தமான மருந்து அது.

நம் நாயகர்களைத் திரையில் சாகவிடுவது லேசான காரியம் அல்ல என்பது பழைய கதை. ‘பாசம்’ (1962) படத்தில் எம்.ஜி.ஆர். இறந்ததை ரசிகர்கள் ஏற்கவில்லை. ‘மதுரை வீரன்’ (1956) படத்தில் இறந்ததை ஏற்றார்கள். ஏனென்றால் அங்கே அவர் தெய்வமாகிவிடுகிறார். ‘தளபதி’ (1991) கர்ணன் கதை. கர்ணன் சாகாத கர்ணன் கதை! துரியோதனனாக வந்த மம்முட்டி மாண்டுபோக, கர்ணனாக வந்த ரஜினி பிழைத்துக் கொண்டார். ‘கபாலி’ (2016) ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு, விஷயத்தை நம்மிடமே விட்டுவிட்டு முடிந்தது. மலேசியாவில் ஓடிய பிரதியில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக எழுத்தில் ஒரு வரி போட்டார்கள்.

இனி நண்பர்களின் கருத்துகள். எங்கள் வட்டத்தில் இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை.

சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டு நண்பர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “அண்ணாச்சி, மூணாம் பாகம் எடுக்கட்டும், நாலும் எடுக்கட்டும். தலைவருக்கு ஒண்ணும் ஆகப்பிடாது, அம்புட்டுதான்.” கரமனையில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி இதற்கு நேர் எதிர். 2030ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தில் சிட்டி காட்சிப்பொருளாக நிற்பதோடு கதை முடிந்துவிட்டது, ஏன் பிரித்தார்கள் என்று கேட்கும் சிறுமிக்கு, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்று அது சொல்வதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்கிறார். இரண்டாம் படத்தில் அதை மறுபடியும் பூட்டி எழுப்பியது, தகனம் முடிந்த வீட்டில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்தியது போல் இருந்ததாம் அவருக்கு. உவமை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் முதல் படத்தின் கண்ணீருக்கு இரண்டாம் படம் ஒரு தள்ளுபடி கொடுத்துவிட்டது என்ற அளவில் அவரோடு நானும் உடன்படுகிறேன்.

‘2.0’ வெறும் வியாபாரம் என்று நான் சொல்லவில்லை. நமக்கு அண்டையில் நாகர்கோவிலில் வசிக்கும் ஜெயமோகன் அதற்கு உரையாடலில் பங்களித்தார். அக்‌ஷய் குமார் ஏற்ற பட்சிராஜன் வேடத்தில், பறவையியலாளர் சாலிம் அலியின் சாயலைப் பார்க்காதவர் இல்லை. அந்தக் கிழவர் மனத்தில் நிற்கிறார். முதுமையும் ஆற்றாமையும் இறப்பும் எல்லாம் எதிராளிக்கு வந்துவிட்டன. நாயகனுக்கு மட்டும் வரவில்லை. நாயகிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிறீர்களா? சனா தொலைபேசிக் குரலாக வந்து போகிறாள். திரையில் அவள் இடத்துக்கு நிலா என்ற பெண் எந்திரம் வந்துவிட்டது. வயதாகும் கவலையைப் பெண்ணுக்குத் தள்ளிவிடுவது நம் சினிமாவில் எந்தப் புதிய தொழில்நுட்பமும் மாற்றாத பழைய ஏற்பாடு. இதை எனக்குச் சுட்டிக்காட்டியது பொறியியல் படிக்கும் என் மகள். நானாகக் கவனித்ததல்ல.

பக்கத்து வீட்டு மலையாள நண்பர் இந்த விவாதத்தையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பதற்கு உரிமை உண்டு. ‘தன்மாத்ரா’ (2005) படத்தில் இதே ஊர்த் தலைமைச் செயலக ஊழியராக வந்து, நினைவு முழுவதையும் இழந்து குழந்தையாகிப் போன மோகன்லாலை இவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்திரக் கதையிலும் இவர்கள் வழி வேறு. ‘ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்’ (2019) படத்தில் பையனூர்க் கிழவர் ஒருவருக்குத் துணையாக ஓர் எந்திரம் வருகிறது. கிழவராக நடித்த சுராஜ் வெஞ்ஞாறமூடு நம் மாவட்டத்துக்காரர். அப்போது அவருக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. அங்கே நாற்பது வயதுக்காரர் நரை பூசிக்கொண்டு கிழவரானார். இங்கே அறுபதை நெருங்கியவர் முதுமையே தீண்டாத எந்திரமானார். இதில் எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டாம். இரண்டு ஊர் ரசிகர்களின் ஆசையும் இரண்டு விதம்.

மேல்நாட்டிலும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில் ஸ்பாக் என்ற பாத்திரத்தை 1982ஆம் ஆண்டுப் படத்தில் இறக்கவிட்டார்கள். செய்தி முன்கூட்டியே கசிந்து ரசிகர்கள் கொதித்தார்கள். 1984இல் அவரை உயிரோடு கொண்டுவந்தும் விட்டார்கள். இதுவரை நம் கதைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. 2009இல் வந்த படத்தில் இளைய ஸ்பாக்காக வேறொரு நடிகரை நிறுத்தி, அவருக்கு எதிரே மூத்த ஸ்பாக்காக, முகமெல்லாம் சுருக்கத்தோடு, லெனார்ட் நிமாயையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாத்திரமும் நடிகரும் சேர்ந்தே மூப்படைந்தார்கள். நிமாய் 2015 பிப்ரவரி 27 அன்று தம் 83ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு வந்த படத்தில் மூத்த ஸ்பாக்கும் இறந்துவிட்டார் என்ற செய்தி இளைய ஸ்பாக்குக்கு வருகிறது. யாரும் கொதிக்கவில்லை.

பிப்ரவரி 27 என்றதும் நமக்கு இன்னொருவர் நினைவுக்கு வருவார். ‘எந்திரன்’ படத்துக்கு எழுதிய சுஜாதா, 2008ஆம் ஆண்டு அதே தேதியில்தான் மறைந்தார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. அதில் நடித்த நம் கொச்சின் ஹனீபாவும் பார்க்கவில்லை. 2010 பிப்ரவரியில் போய்விட்டார். பச்சைமுத்துவாக வந்த கலாபவன் மணி 2016இல் போனார். திரைக்குள் விடைபெற்றது எந்திரம் மட்டும். வெளியே விடைபெற்றவர்கள் மனிதர்கள்.

ஆகையால் மூன்றாவது படம் வருமானால் அதில் சிட்டி போக வேண்டாம் என்பது என் கட்சி. அது ஒரு தடவை போய்விட்டது, நன்றாகவே போயிற்று. எந்திரத்துக்கு மூப்பு கிடையாது. பாகம் தேய்ந்தால் வேறு பாகம். இந்த முறை மூப்படைந்து விடைபெற வேண்டியவர் வசீகரன். தன்னைப் படைத்தவரின் கட்டிலருகே, அவருடைய நாற்பது வயது முகத்தைத் தாங்கிக்கொண்டு சிட்டி உட்கார்ந்திருக்கட்டும். கழற்றவும் முடியாது, பூட்டவும் முடியாது என்ற நிலை அந்த எந்திரத்துக்குப் புரியட்டும். இதற்கு ஈடான காட்சியை ஐயாயிரம் துப்பாக்கிகளை அடுக்கினாலும் கொண்டுவர முடியாது.

இதைக் கேட்டதும் பாத்திரக்கடை நண்பர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்து, “கடைசில சிட்டி அழுமா, அழாதா?” என்று கேட்டார்.

ரஜினி இதற்குச் சம்மதிப்பாரா என்பது சிலருடைய ஐயம். 2023 அக்டோபரில் ‘வேட்டையன்’ படப்பிடிப்புக்காக அவர் நம் ஊருக்கு வந்தபோது சாலையோரம் நின்று பார்த்தவர்கள் பலர். விழாவோ பயணமோ, வழுக்கையும் வெண்தாடியுமாக வெளியே வருவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். கூச்சமெல்லாம் நமக்குத்தான். வசீகரனுக்கு ஒப்பனையே தேவைப்படாது. அந்தச் செலவு முழுவதும் சிட்டிக்கு மட்டும்தான்.