நம் தளத்தில் ஓடும் அயலார் நிரல்

2024 ஜூன் மாதத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையதளங்கள் பயன்படுத்திவந்த ஒரு நிரல், கைப்பேசியில் அத்தளங்களுக்கு வந்த வாசகர்கள் சிலரைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடுவது தெரியவந்தது. தளங்களை நடத்தியவர்கள் எதையும் மாற்றியிருக்கவில்லை. என்றோ சேர்த்துவிட்டு மறந்துபோன ஒற்றை வரிதான் காரணம். 'பாலிஃபில் டாட் ஐஓ' என்ற முகவரியிலிருந்து ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பை, எடுத்துவரும்படி உலாவிக்குச் சொல்லும் வரி அது.

பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை ஈடுகட்டித் தந்த நல்ல சேவை அது. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி ஒரு சீன நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்தச் சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், உடனே நீக்கிவிடுங்கள், இன்றைய உலாவிகளுக்கு இது தேவையே இல்லை என்று அப்போதே எச்சரித்தார். ஆனாலும் நான்கு மாதங்களுக்குப் பிறகும் லட்சம் தளங்களில் அந்த வரி அப்படியே இருந்தது. புகுத்தப்பட்ட நிரல் குறிப்பிட்ட கைப்பேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வேலை செய்தது. வந்திருப்பவர் தள நிர்வாகி என்று தெரிந்தால் அடங்கிக்கொண்டது. நடத்துகிறவர் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அடி முழுவதும் வாசகருக்குத்தான்.

இணையதளத்தை மெருகேற்ற எந்தெந்த லைப்ரரிகளைச் சேர்க்கலாம் என்ற பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. சேர்த்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒரு பக்கத்தில் ஏற்றப்படும் எந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கும் அந்தப் பக்கத்தின் மீது ஏறக்குறைய முழு அதிகாரம் உண்டு. படங்களை நகர்த்திக் காட்டுவதற்காகச் சேர்த்த லைப்ரரியாலும், பணம் செலுத்தும் படிவத்தில் தட்டச்சாவதைப் படிக்க முடியும். வேறிடத்துக்கு அனுப்பவும் முடியும். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நடந்தது இதுதான். உலாவியின் திறன்களைச் சோதிக்கும் 'மாடர்னைசர்' என்ற சாதாரண லைப்ரரியின் கோப்பில் யாரோ 22 வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். பயணிகள் தட்டச்சு செய்த அட்டை விவரங்கள் நிறுவனத்தின் பெயரை ஒத்த வேறொரு முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்கள் ஆபத்துக்குள்ளாயின. 2020-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. மாற்றப்பட்ட கோப்பு அந்நிறுவனத்தின் தளத்திலேயே இருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். லைப்ரரியை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வது அவசியம்தான். ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. இந்தப் பக்கம் எந்தெந்த முகவரிகளோடு பேசலாம் என்று உலாவிக்கு வரம்பு விதிக்கும் வசதி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோப்பு நாம் சோதித்த அதே கோப்புதானா என்று சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது. இரண்டுக்கும் செலவு கிடையாது.

இவ்வளவு சொல்வதால் லைப்ரரிகளே வேண்டாம் என்று பொருளல்ல. 2006-இல் ஜான் ரெசிக் 'ஜேகுவரி'யை வெளியிட்டபோது, ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு நிரல், ஃபயர்ஃபாக்ஸுக்கு இன்னொரு நிரல் என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரும் விடுதலை. அதைவிடப் பெரிய சாதனை, அது காட்டிய வழியை உலாவிகளே பின்னர் ஏற்றுக்கொண்டதுதான். பக்கத்தின் உறுப்புகளைத் தேடியெடுக்க, சர்வரிலிருந்து தகவலைப் பெற, திரையில் ஒரு பெட்டியைத் திறந்து காட்ட, கீழே போகப் போகப் படங்களை ஏற்ற இன்று தனி லைப்ரரி தேவையில்லை. பிரிட்டன் அரசின் பொதுத் தளமான 'கவ் டாட் யூகே' 2022-இல் ஜேகுவரியைக் கைவிட்டது. மிச்சமானது ஏறத்தாழ 30 கிலோபைட். ஒரு சின்னப் படத்தின் அளவுதானே என்று தோன்றும். ஆனால் படத்தை விரித்துக் காட்டினால் உலாவியின் வேலை முடிந்துவிடும். அதே எடையுள்ள ஜாவாஸ்கிரிப்டைப் படித்து, பகுத்து, இயக்க வேண்டும். அதுவரை மலிவான கைப்பேசியின் திரை தொட்டாலும் அசையாது. புதிய கைப்பேசியும் வேகமான இணைப்பும் வைத்துக்கொண்டு தளத்தை உருவாக்குபவருக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி வைத்திருப்பவருக்குத் தெரியும்.

தேதிகளைக் கையாளும் 'மொமென்ட்' லைப்ரரியை உருவாக்கியவர்கள் 2020-இல் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். எங்கள் வேலை முடிந்தது, புதிய தளங்களில் இதைச் சேர்க்காதீர்கள் என்று அவர்களே அறிவித்தார்கள். புகழின் உச்சியில் இருக்கும் படைப்பைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்மை வேண்டும்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் ஐந்து; மேல்விலங்கும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். செய்தியைச் சுருக்கி 'மேலும்' என்று காட்டும் லைப்ரரிகளும், எழுத்தெழுத்தாகத் தட்டச்சாவதுபோல் காட்டும் லைப்ரரிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவை நான்காவது குறியில் வெட்டினால் 'தமிழ' என்று நிற்கும். எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் 'செக்மென்டர்' என்ற வசதி, 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்ட பிறகு, முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. லட்சம், கோடிக்கு ஏற்பக் காற்புள்ளி இடவும், தேதியைத் தமிழில் எழுதவும் உலாவிக்கே தெரியும். அழகான விளைவுகளை அள்ளிச் சேர்க்கும் தமிழ்த் தளங்கள் இதைக் கவனிக்காதது வருத்தத்துக்குரியது.

உலாவியால் இயலாததைச் செய்யும் லைப்ரரிகளுக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். உக்ரைனைச் சேர்ந்த வலொதிமிர் அகஃபோன்கின் 2011-இல் வெளியிட்ட 'லீஃப்லெட்', சுமார் 42 கிலோபைட்டில் முழு நிலப்படத்தைத் தருகிறது. பொதுமக்கள் கூடி வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போடு இணைத்தால் பேரூராட்சியின் குடிநீர்த் தொட்டிகளைக்கூடக் கட்டணமின்றிக் காட்டலாம். வாசகர்கள் எழுதி அனுப்புவதைத் தளத்தில் வெளியிடுபவர்களுக்கு, அதில் ஒளிந்துவரும் தீய நிரலைக் களையும் 'டாம்பியூரிஃபை' இன்றியமையாதது. இதைச் சொந்தமாக எழுத முயல்வதே ஆபத்து. மாறாக, ஒரே வரியைச் சேர்த்தால் பார்வையற்றோருக்கு ஏற்ற தளமாகிவிடும் என்று விற்கப்படுபவற்றை நம்ப வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த 'ஆக்சசிபி' நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் கூறியது. படத்துக்கு விளக்கம் எழுதுவதும், படிவத்தின் கட்டங்களுக்குப் பெயரிடுவதும் தளத்தைக் கட்டுபவரின் கடமை. வேறொருவரின் நிரல் அதைச் செய்து தராது.

இந்த லைப்ரரிகளைப் பராமரிப்பவர்கள் யார்? பெரும்பாலும் சம்பளமில்லாத ஓரிருவர். 2016 மார்ச்சில், பெயர் உரிமைத் தகராறு ஒன்றில் மனமுடைந்த ஒருவர் தன் நிரல்களைத் திரும்பப் பெற்றார். அவற்றில் 'லெஃப்ட்பேட்' என்ற வெறும் 11 வரி நிரலும் இருந்தது. அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் சில மணி நேரம் முடங்கின. 2018-இல், தான் பயன்படுத்தாத ஒரு லைப்ரரியைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாத ஒருவர், உதவ முன்வந்த அறிமுகமற்றவரிடம் அதை ஒப்படைத்தார். வந்தவர் பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த நிரலை அதற்குள் புகுத்தினார். ஒப்படைத்தவரைக் குறைசொல்வது எளிது. அவருடைய உழைப்பை ஆண்டுக்கணக்கில் இலவசமாக எடுத்துக்கொண்ட நிறுவனங்களிடம்தான் முதல் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

மென்பொருளில் அடங்கியுள்ள கூறுகளின் முழுப் பட்டியலைப் பராமரிக்க வேண்டும் என்று, அரசு நிறுவனங்களையும் பொதுத்துறையையும் முன்னிறுத்தி, இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அரசுத் தளங்களுக்கான ஒப்பந்தங்களில் இதைக் கட்டாயமாக்க வேண்டும். எந்தெந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு, எதற்காகச் சேர்க்கப்பட்டது, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த லைப்ரரிகளைக் கொண்டு தளத்தைக் கட்டிக் கொடுக்கும் நிறுவனம், அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்.