காமிரா சொன்னால் வேதவாக்கா?

ரோட்டோரக் கம்பத்தில் ஒரு காமிரா. போகிற வண்டியின் நம்பரைப் படிப்பது அதன் வேலை.

அது தூங்குவதில்லை. டீ குடிக்கப் போவதில்லை. "நான் யார் தெரியுமா?" என்று மிரட்டினால் அதற்குக் காது கிடையாது. திருட்டு வண்டியைக் காட்டிக் கொடுக்கும். இடித்துவிட்டு ஓடிய லாரியையும் காட்டிக் கொடுக்கும்.

நல்ல காரியம். வரவேற்கிறோம்.

ஆனால், அது படிப்பதெல்லாம் சரியாக இருக்குமா?

எழுத்துக்கூட்டிப் படிக்கிறது

இந்தக் காமிராவைப் பிரிட்டிஷ் போலீசின் விஞ்ஞானப் பிரிவு 1976-ல் கண்டுபிடித்தது. 1981-ல் இதன் உதவியால் முதன்முதலாக ஒரு திருட்டுக் கார் பிடிபட்டது. சென்னை அண்ணா நகரில், சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்களைப் பிடிக்க 2019-ல் இதை வைத்தார்கள்.

வண்டி வந்ததும் காமிரா படம் எடுக்கிறது. இரவில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி எடுக்கிறது. பிறகு, படத்தில் நம்பர் பிளேட் எங்கே என்று கம்ப்யூட்டர் தேடுகிறது. முதல் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கிறது. அந்த நம்பர் யாருடையது என்று பதிவேட்டில் பார்க்கிறது. அவருக்கு நோட்டீஸ் போகிறது.

பிள்ளை தடுமாறும் அல்லவா? காமிராவும் தடுமாறும். 8-ஐ ஆங்கில 'பி' என்று படிக்கும். சைபரை 'ஓ' என்று படிக்கும். 5-ஐ 'எஸ்' என்று படிக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஒரு வண்டி நம்பரில் பெரும்பாலும் 10 எழுத்தும் எண்ணும் உண்டு. ஒவ்வொன்றையும் 100-க்கு 99 தடவை சரியாகப் படிக்கும் கெட்டிக்காரக் காமிரா என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்தும் சரியாக அமைவது 100 வண்டிக்கு சுமார் 90-ல்தான். மற்ற 10 வண்டிகளில் ஏதாவது ஓர் எழுத்து தப்பு.

அந்தத் தப்பு நம்பரில் வண்டியே இல்லை என்றால் பாதகமில்லை. இருந்தால்? யாரோ செய்த குற்றத்துக்கு வேறொருவர் தலையில் அபராதம்!

வயல் சேறும் குங்குமமும்

இது நம் தஞ்சைச் சீமைக்கு முக்கியமான விஷயம். நடவு காலத்தில் டிராக்டரின் நம்பர் பிளேட்டில் சேறு அப்பிக் கிடக்கும். வைக்கோல் ஏற்றிய லாரியில் பிளேட்டே தெரியாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எண்மேல் காய்ந்து நிற்கும். போதாததற்கு, வளைத்தும் நெளித்தும் அலங்காரமாக எழுதுபவர்கள் வேறு.

காரின் நம்பர் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் எண்கள் 40 மில்லிமீட்டர். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு ஒரே மாதிரியான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வருகிறது. பழைய வண்டிகளில்தான் விதவிதமான எழுத்து.

இங்கிலாந்தில் 2021-ல் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். பாத் நகரில் ஒரு பெண் நடந்து போனார். அவருடைய சட்டையில் "நிட்டர்" என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. பின்னுபவர் என்று பொருள். பஸ் செல்லும் பாதையில் இருந்த காமிரா, அதைக் கார் நம்பர் என்று படித்துவிட்டது! கிட்டத்தட்ட அதே நம்பர் உள்ள கார்க்காரருக்கு அபராத நோட்டீஸ் போனது. அவர் வசிப்பதோ வேறு மாவட்டத்தில். படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்; சிரித்தார். அபராதம் ரத்தானது.

அவருக்குப் படம் கிடைத்தது. எடுத்துச் சொல்லவும் தெரிந்தது. நம் ஊர் விவசாயக் கூலிக்கு?

என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் 2022 முதல் ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய பணம். தப்பு நம்முடையது அல்ல என்று சொல்ல அலைந்தால் அன்றைய கூலியும் போகும். ஆகவே பலர் பேசாமல் கட்டிவிடுவார்கள். குற்றம் செய்யாதவர் தண்டம் கட்டுவது நியாயமா?

காமிரா அபராதத்துக்கு 2021-ல் மத்திய அரசு விதி வகுத்தது. காமிரா உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றமும் நம்பரும் தெரியும் படம், நாள், நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது அந்த விதி.

இது போதாது. காமிரா படித்த நம்பரை ஒரு மனிதர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நோட்டீஸ் போக வேண்டும். படத்தில் இருப்பது ஸ்கூட்டர், பதிவேட்டில் இருப்பது டிராக்டர் என்றால் அப்போதே கிழித்துப் போடலாம். நோட்டீஸ் தமிழில் இருக்க வேண்டும். முறையிடும் இடம் பக்கத்து ஊரிலேயே இருக்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. வண்டியை விற்றால் உடனே பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் செய்யும் குற்றத்துக்கு உங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தால், படத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வண்டி கழுவும் நாள். நம்பர் பிளேட்டையும் ஒரு துடை துடையுங்கள்.